ஓப்போ யூடிபி-205-ஐ விற்கப் போகிறேன், 4கே டிஸ்க்கில் தடுமாறுகிறது: என்ன விலை, யாரிடம், எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். 2017-இல் அமெரிக்காவில் வேலையில் இருந்தபோது வாங்கிய ஓப்போ யூடிபி-205 டிஸ்க் பிளேயர் இப்போது சென்னை வீட்டில் இருக்கிறது. சிடி, எஸ்ஏசிடி (சிடியைவிட உயர்தர ஒலி உள்ள இசை டிஸ்க்), டிவிடி எல்லாம் நன்றாக ஓடுகின்றன. 4கே டிஸ்க் (4கே படம் உள்ள ப்ளூ-ரே) போட்டால் மட்டும் சில சமயம் நடுவில் நின்றுவிடுகிறது. விற்க முடிவு செய்தாயிற்று. என்ன விலை கேட்பது, யாரிடம் விற்பது, எப்படி அனுப்புவது, அந்தக் குறையைச் சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும். விலையும் ஆளும் அதைப் பொறுத்தே அமையும் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இன்று யூடிபி-205 தேடி வருகிறவருக்கு அதன் ஒலியைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் ஈஎஸ்9038ப்ரோ சிப் இரண்டு, ஒன்று ஸ்டீரியோவுக்கு, ஒன்று 7.1 சரவுண்டுக்கு, எக்ஸ்எல்ஆர் அனலாக் வெளியீடு, ஹெட்ஃபோன் ஆம்ப், கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி வழியாக டிஏசி (டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் கருவி) ஆகவும் பயன்படும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற இந்த ஒரு பெட்டி டிஸ்க்கை எப்படிப் படிக்கிறது, இன்னும் எவ்வளவு காலம் படிக்கும். அந்தச் சந்தேகத்தை எந்த அளவுக்குத் தீர்க்கிறீர்களோ அந்த அளவுக்குத்தான் காசு வரும். விளம்பரத்தில் "சூப்பர் கண்டிஷன்" என்று பத்து முறை போட்டாலும் ஒரு ரூபாய் ஏறாது. ஓடுகிற வீடியோ ஒன்று போட்டால் ஏறும்.

கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஓப்போ டிஜிட்டல் நிறுவனம், இனிப் புதிய பிளேயர் செய்யப்போவதில்லை என்று 2018 ஏப்ரலில் அறிவித்தது. அதுவரை இதைவிட எளிய மாடலான யூடிபி-203-இன் விலை 549 டாலர், 205-இன் விலை 1,299 டாலர். அறிவிப்பு வந்த கொஞ்ச காலத்திலேயே பழைய 205-கள் புதிய விலையைத் தாண்டிக் கைமாற ஆரம்பித்தன. காரணம் எளிது. சிடி, எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ, ப்ளூ-ரே, 4கே என எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு, நல்ல அனலாக் வெளியீட்டோடு கேட்க அந்த விலையில் வேறு பெட்டி கிடைப்பது அரிதாக இருந்தது. அதே 2018-இல் வந்த பானசோனிக் யூபி9000 படத்துக்கு அருமையான கருவி, ஆனால் எஸ்ஏசிடி படிக்காது. 2019-இல் சாம்சங் அமெரிக்காவில் ப்ளூ-ரே பிளேயர் தொழிலையே விட்டு விலகியது. இருக்கிற ஓப்போக்களுக்கு மவுசு கூடிக்கொண்டே போனது.

ஆனால் அந்தக் காலத்து விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்று விற்கக் கிளம்பாதீர்கள். நடுவில் இதே மாதிரிப் பிளேயர்களோடு ரேவான் என்ற நிறுவனம் வந்தது, அப்புறம் மேக்னெட்டார் வந்தது. மேக்னெட்டார் யூடிபி900-இல் ஸ்டீரியோவுக்கு உங்கள் பெட்டியில் இருக்கிற அதே ஈஎஸ்9038ப்ரோ சிப்தான். விலை அதிகம்தான், ஆனால் புதியது, வாரண்டி உண்டு. கையில் பணம் இருக்கிறவருக்கு இப்போது வேறு வழி இருக்கிறது. "இது மாதிரி இனிமேல் கிடைக்காது" என்ற பேச்சு 2019-இல் எடுபட்டது, இன்று எடுபடாது.

சரி, உங்கள் 4கே தடுமாற்றத்துக்கு வருவோம். விளம்பரம் எழுதுவதற்கு முன்னால் அது என்ன நோய் என்று கண்டுபிடித்தாக வேண்டும். "சில சமயம் நிற்கிறது" என்று மொட்டையாகச் சொன்னால், லேசர் போய்விட்டது என்றுதான் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் அது எச்டிஎம்ஐ கேபிளாகவும் இருக்கலாம்.

சோதனை இப்படிச் செய்யுங்கள். தடுமாறுகிற டிஸ்க்கையே போட்டு, பிளேயரின் முன்பக்கத் திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். டிவியில் படம் இரண்டு மூன்று நொடி கறுத்துப் போகிறது, ஆனால் முன்பக்கத் திரையில் நேரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால், டிஸ்க் படிப்பதில் கோளாறு இல்லை. 4கே படத்துக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் வரை தாங்குகிற கேபிள் வேண்டும். பழைய கேபிளோ, நீளமான கேபிளோ, ஆம்ப் வழியாகச் சுற்றிப் போகிற இணைப்போ இருந்தால் இப்படித்தான் படம் விட்டுவிட்டு வரும். 205-இல் அனலாக் வெளியீடு இருப்பதால் இன்னொரு வழியிலும் உறுதி செய்துகொள்ளலாம்: படம் கறுக்கிற அந்த நேரத்தில் பின்பக்க அனலாக் (ஆர்சிஏ) இணைப்பு வழியாக வரும் ஒலி அறுபடாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். அறுபடவில்லை என்றால் ஒரு மீட்டர் நல்ல கேபிளை நேராக டிவிக்குப் போட்டுப் பாருங்கள். அதிலேயே தீர்ந்துவிட்டால் உங்களிடம் இருப்பது பழுதில்லாத பெட்டி.

நேரமும் சேர்ந்து நின்றால் படிப்பதில்தான் சிக்கல். அப்போது நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு அதே டிஸ்க்கை மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். கண்ணுக்குத் தெரியாத கைரேகை போதும், 4கே டிஸ்க் முரண்டு பிடிக்கும். மிருதுவான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால், அதிலும் குளிர்ந்த பெட்டியில் நன்றாக ஓடி, ஒரு மணி நேரம் சூடான பிறகு நின்றால், பழி பிளேயர் மேல்தான்.

அதிலும் எந்தப் பகுதி என்று ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும். சிடி படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் வேண்டும். டிவிடிக்கும் எஸ்ஏசிடிக்கும் 650 நானோமீட்டர் சிவப்பு. ப்ளூ-ரேக்கும் 4கேவுக்கும் 405 நானோமீட்டர் நீல ஊதா. எனவே உங்கள் பெட்டியில் சிடியும் எஸ்ஏசிடியும் சுத்தமாக ஓடுகின்றன என்றால் முதல் இரண்டும் நல்ல நிலையில் இருப்பதற்கு அது சாட்சி. அடுத்து சாதாரண ப்ளூ-ரேக்கள் சிலவற்றை முழுப் படமாக ஓட்டுங்கள். அவை நிற்காமல் ஓடி, 4கே மட்டும் நின்றால், மூன்றாவது லேசரும் அடியோடு போய்விடவில்லை. 4கே டிஸ்க்கின் நெருக்கமான பதிவில்தான் தடுமாறுகிறது. 4கே டிஸ்க்குகள் 66 ஜிபி இரட்டை அடுக்கிலும் 100 ஜிபி மூன்று அடுக்கிலும் வருகின்றன. பலவீனமாகிற லேசர் பெரும்பாலும் 100 ஜிபி டிஸ்க்கில்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். உங்களிடம் இருக்கிற 4கே டிஸ்க்குகளில் எது எந்த அடுக்கு என்று பார்த்து, எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று எழுதி வையுங்கள். விளம்பரத்தில் இந்தத் தகவலுக்கு மதிப்பு அதிகம்.

லென்ஸ் அழுக்காக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் ஏசி இல்லாத அறையில் பல வருடம் இருந்த பிளேயரின் லென்ஸ் மேல் பால் மாதிரி மெல்லிய படலம் படிவது உண்டு. பிளேயரைத் திறந்து பழக்கம் உள்ளவராக இருந்தால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தமான லென்ஸ் லேசான நீலப் பளபளப்போடு தெளிவாகத் தெரியும். மங்கலாக இருந்தால் கேமரா ப்ளோயரால் ஊதிவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் எடையே கொடுக்காமல் தொட்டெடுக்கலாம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போச்சு. மூடி திறந்திருக்கும்போது பிளேயரை ஓட்டி லேசரைப் பார்க்கவே கூடாது. இதில் பழக்கம் இல்லையென்றால் திறக்காதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிரஷ் வைத்த கிளீனிங் டிஸ்க் கடையில் கிடைக்கிறதே என்று இந்த விலையுள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டாம்.

துடைத்தும் தீரவில்லை என்றால், விற்பதற்காக லேசரை மாற்றப் போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து. நிறுவனமே ஒதுங்கிவிட்ட மாடல் இது. எங்கிருந்தோ வந்த லேசரைப் போட்ட பெட்டி என்று தெரிந்தால், குறையைச் சொல்லி விற்கிற பெட்டியைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள். ஒரிஜினல் நிலையில் இருக்கட்டும். பழுது பார்ப்பதா வேண்டாமா என்பதை வாங்குகிறவர் முடிவு செய்யட்டும்.

இனி ஆள் தேடும் கதை. யூடிபி-205 வாங்க வருகிறவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகை, அலமாரி நிறைய எஸ்ஏசிடியும் டிவிடி-ஆடியோவும் வைத்திருக்கிற இசைப் பைத்தியம். இரண்டாவது, ப்ரொஜெக்டர் போட்டு வீட்டிலேயே தியேட்டர் வைத்திருக்கிறவர். அவருக்கு 4கேதான் உயிர். மூன்றாவது, டிஸ்க்கே அதிகம் போடாமல் கம்ப்யூட்டரிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ பாட்டு கேட்டு, இதை டிஏசியாகவும் ப்ரீ-ஆம்பாகவும் பயன்படுத்துகிறவர். உங்கள் பெட்டியின் குறை இரண்டாமவருக்குப் பெரிய விஷயம், மற்ற இருவருக்கும் அநேகமாக ஒன்றுமே இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான்: எல்லோருக்கும் பொதுவாக "4கே பிளேயர் விற்பனைக்கு" என்று போடுவார்கள். தியேட்டர்காரர்கள்தான் வருவார்கள், குறையைக் கேட்டதும் பாதி விலைக்கு அடிப்பார்கள். நீங்கள் "எஸ்ஏசிடி, சிடி, டிவிடி-ஆடியோ பிளேயர், யூஎஸ்பி டிஏசி" என்று தலைப்பிலேயே போட்டுவிட்டு, 4கே விவரத்தை உள்ளே நேர்மையாக எழுதுங்கள். சரியான ஆள் வருவார்.

எஸ்ஏசிடிக்காரருக்கு ஏன் இதன் மேல் இவ்வளவு ஆசை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பேரம் பேசும்போது உதவும். எஸ்ஏசிடியைக் கம்ப்யூட்டர் டிரைவில் போட்டால் அந்த உயர்தர அடுக்கைப் படிக்காது. சிடி அடுக்கும் சேர்ந்த ஹைபிரிட் டிஸ்க்காக இருந்தால் அந்தச் சிடி அடுக்கு மட்டும் தெரியும். அதற்கென்று பிளேயர் வேண்டும். அந்த பிளேயரிலிருந்தும் கோஆக்சியல், ஆப்டிகல் கேபிள் வழியாக எஸ்ஏசிடியின் டிஎஸ்டி ஒலி (அதில் பதிந்திருக்கும் டிஜிட்டல் வடிவம்) வெளியே வராது. எச்டிஎம்ஐ வழியாக எடுக்கலாம், இல்லாவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் அனலாக் வெளியீட்டையே நம்ப வேண்டும். அதனால்தான் உள்ளேயே நல்ல டிஏசி உள்ள 205 அவர்களுக்கு 203-ஐவிடப் பல மடங்கு பெரியதாகத் தெரிகிறது. உங்களிடம் வருகிறவர் தன்னிடம் உள்ள தனி டிஏசியைக் கோஆக்சியலில் இணைத்து எஸ்ஏசிடி கேட்கப் போகிறேன் என்று சொன்னால், அது நடக்காது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். வாங்கிப் போய் ஏமாந்து திரும்பி வருவதைவிட இது நல்லது.

விலைக்கு வருகிறேன். இணையத்தில் யாரோ கேட்டிருக்கிற விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கேட்கிற விலை வேறு, கைமாறிய விலை வேறு. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதில் கடைசிச் சில மாதங்களில் யூடிபி-205 என்ன விலைக்குப் போயிருக்கிறது, ரிமோட்டும் அட்டைப்பெட்டியும் இருந்ததா, குறை ஏதும் எழுதியிருந்ததா என்று பாருங்கள். மிக அதிகமாகப் போனதையும் மிகக் குறைவாகப் போனதையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கிறதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ரூபாயில் மாற்றினால் உங்களுக்கு ஒரு அடிப்படை கிடைக்கும். இங்கே இருக்கிற ஒருவர் அதையே வெளியிலிருந்து வரவழைத்தால், பத்து கிலோ பெட்டிக்குக் கூரியர் செலவும் சுங்க வரியும் சேரும். வழியில் அடிபடும் அபாயமும் அவருடையது. அதனால் கையில் தொட்டுப் பார்த்து வாங்கக் கிடைக்கிற உள்ளூர்ப் பெட்டிக்குச் சற்று மேலே கேட்பதில் தப்பில்லை. ஆனால் இங்கே வாங்கும் கூட்டம் சிறியது, பொறுமை வேண்டும்.

4கே குறைக்கு எவ்வளவு கழிப்பது? இசைக்காரர் வாங்கினால், பழுதில்லாத பெட்டியின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை குறைத்தால் நியாயம் என்பேன். சிடி, எஸ்ஏசிடி இரண்டும் மணிக்கணக்கில் சுத்தமாக ஓடுகின்றன என்று நிரூபித்துக் காட்டினால்தான் இந்தக் கணக்கு. நிரூபிக்கவில்லை என்றால் அவர் பாதிதான் தருவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. கேட்கும் விலையை ஒரு பத்து சதவீதம் பேரத்துக்கு இடம் விட்டு வையுங்கள். இதற்குக் கீழே தரமாட்டேன் என்ற எண்ணை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். "நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்" என்று மட்டும் விளம்பரத்தில் போட வேண்டாம். அதைப் பார்த்து முதலில் வருவது வியாபாரிகள்தான்.

இப்போது சாட்சி வீடியோ. ஒரே ஓட்டமாக, வெட்டாமல் எடுங்கள். முதலில் பின்பக்கம், சீரியல் எண். எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பொதுவில் மறைத்துவிடலாம், நேரில் வருபவருக்கு முழுதாகக் காட்டலாம். பிறகு ஆன் செய்து, தட்டு வெளியே வந்து உள்ளே போவதைக் காட்டுங்கள். திக்கித் திணறாமல் ஒரே சீராகப் போகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சிடியைப் போட்டு, எத்தனை நொடியில் பாடல் எண்ணிக்கை திரையில் வருகிறது என்று காட்டுங்கள். உடனே கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். டிஸ்க்கின் தகவல் நடுவில் ஆரம்பித்து வெளிவிளிம்பில் முடிகிறது. தேய்ந்த பொறியமைப்பு பெரும்பாலும் விளிம்பில்தான் திணறும், முதல் பாட்டு ஓடுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீண்ட தாவலின்போது உள்ளே கேட்கிற சத்தத்தையும் மைக் பக்கத்தில் வைத்துப் பதியுங்கள். "விர்" என்று ஒரு முறை நகர்ந்து நின்றால் நல்லது, "கிர்க் கிர்க்" என்று முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருந்தால் நல்லதல்ல. அடுத்து ஹைபிரிட் எஸ்ஏசிடி: அதில் சிடி அடுக்கு அடியிலிருந்து 1.2 மில்லிமீட்டர் ஆழத்திலும் எஸ்ஏசிடி அடுக்கு 0.6 மில்லிமீட்டரிலும் இருக்கின்றன, இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்கச் செய்து காட்டுங்கள். எஸ்ஏசிடி என்று முன்பக்கத்தில் எழுத்து வருவது பதிவாகட்டும். பிறகு டிவிடி, ப்ளூ-ரே. கடைசியாக 4கே: ஓடுகிற டிஸ்க் ஒன்று, நிற்கிற டிஸ்க் ஒன்று. இரண்டையும் காட்டுங்கள். நிற்பதையும் காட்டிய வீடியோவுக்குப் பிறகு உங்கள் மற்ற எந்தப் பேச்சையும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

விளம்பர வாசகம் நீளமாக வேண்டாம். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"ஓப்போ யூடிபி-205, அமெரிக்காவில் 2017-இல் நானே புதிதாக வாங்கியது, ஒரே கை. சிடி, எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ, டிவிடி, சாதாரண ப்ளூ-ரே குறையின்றி ஓடுகின்றன. 66 ஜிபி 4கே டிஸ்க்குகள் ஓடுகின்றன. 100 ஜிபி டிஸ்க்குகள் சூடான பிறகு சில சமயம் நிற்கின்றன. வெட்டாத வீடியோ இருக்கிறது. எக்ஸ்எல்ஆர், ஆர்சிஏ, ஹெட்ஃபோன், யூஎஸ்பி சோதித்தது. திறக்கவில்லை, மாற்றம் எதுவும் செய்யவில்லை. ரிமோட், ஒரிஜினல் அட்டைப்பெட்டி உண்டு. சென்னையில் நேரில் வந்து உங்கள் டிஸ்க்கையே போட்டுப் பார்க்கலாம்."

உங்கள் சோதனையில் என்ன வந்ததோ அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். திறந்து துடைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஃபர்ம்வேரில் (பிளேயரின் உள் மென்பொருளில்) யாராவது கைவைத்திருந்தால் அதையும்.

அமெரிக்கப் பெட்டி என்பதால் இரண்டு கேள்விகள் நிச்சயம் வரும். முதலாவது மின்சாரம். 230 வோல்ட்டில் நீங்கள் எப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், நேராகவா, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தா? பின்பக்கத் தகட்டில் என்ன அச்சிட்டிருக்கிறது, தேர்வு ஸ்விட்ச் இருந்தால் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்தே விற்றுவிடுங்கள். வாங்கிப் போனவர் வீட்டில் நேராகச் செருகிக் கருக்கினால் உங்களுக்கும் தலைவலி. இரண்டாவது மண்டலக் கட்டுப்பாடு, அதாவது எந்த நாட்டு டிஸ்க் எந்தப் பிளேயரில் ஓடும் என்ற பூட்டு. அமெரிக்கப் பிளேயர் டிவிடியில் மண்டலம் 1, ப்ளூ-ரேயில் ஏ. இந்தியா டிவிடியில் 5, ப்ளூ-ரேயில் சி. இங்கே வாங்கிய டிஸ்க்குகளில் எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக வந்தவை ஓடும், மண்டலம் பூட்டியவை ஓடாது. 4கே டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது. சிடிக்கும் எஸ்ஏசிடிக்கும் அந்தப் பேச்சே இல்லை. இசைக்காரருக்கு விற்பதில் இது இன்னொரு வசதி.

எங்கே விற்பது? முதலில் தெரிந்த ஆடியோ வட்டாரம். சென்னையிலும் கோவையிலும் நல்ல ஸ்டீரியோ வைத்திருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்தான். ஒருவரிடம் சொன்னால் நாலு பேருக்குப் போகும். ஹை-ஃபை கடைகளில் சிலர் பழைய கருவியை வைத்து விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுப்பார்கள். நேரமில்லாதவர்களுக்கு அது சரி, ஆனால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொது விளம்பரத் தளம் கடைசி வழி. வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாமே என்று தோன்றும். அனுப்பும் செலவும், "டிஸ்க் படிக்கவில்லை" என்று திருப்பி அனுப்பப்படும் சாத்தியமும் சேர்ந்தால் எனக்கு அது கட்டுப்படியாகாத வேலையாகத்தான் படுகிறது.

பொதுத் தளத்தில் போட்டால் வரும் மோசடியைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், சொன்ன விலைக்கே சரி என்று, ராணுவத்தில் இருக்கிறேன், ஊர் மாற்றலாகிப் போகிறேன் என்று பேசி, பணம் அனுப்புகிறேன் இந்த கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்பார்கள். யூபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்ப வேண்டாம், உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பெட்டி கைமாறட்டும். நிஜமாக வாங்குகிறவர் கேள்வி கேட்டே உங்களைக் களைப்பாக்கிவிடுவார். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரில் வருகிறவரிடம் அவருடைய டிஸ்க்குகளையே கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆன் செய்து ஓடவிடுங்கள். சூட்டில் என்ன ஆகிறது என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும், அதை மறைத்து விற்ற பெட்டி அடுத்த வாரமே உங்கள் வாசலுக்கு வந்துவிடும். கேட்கும்போது பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்காமல் அவரைத் தனியாக விடுங்கள். வாங்கியதும் ஒரு தாளில் மாடல், சீரியல் எண், தொகை, தேதி, "100 ஜிபி 4கே டிஸ்க் சில சமயம் நிற்கும் என்று தெரிந்தே வாங்குகிறேன்" என்ற வரி, இருவர் கையெழுத்து. ஒரு பிரதி உங்களுக்கு.

கொடுக்கும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வைஃபை கடவுச்சொல், நெட்வொர்க் கோப்புறைகளின் பெயர், கடவுச்சொல் எல்லாம் உள்ளே தங்கியிருக்கும். பின்பக்கம் யூஎஸ்பி ஏதாவது செருகி மறந்திருக்கிறதா, தட்டில் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் உள்ளே இருக்கும்போது அனுப்பினால் அது நழுவி லென்ஸ் மேலேயே விழலாம்.

வெளியூருக்கு அனுப்ப வேண்டி வந்தால், ஒரிஜினல் அட்டைப்பெட்டியும் அதன் தெர்மாகோலும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் அதோடு நிறுத்தாமல், அதை இன்னொரு பெரிய அட்டைப்பெட்டிக்குள், சுற்றிலும் நாலு விரல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை நெருக்கமாக அடைத்து அனுப்புங்கள். பத்து கிலோ கருவி கீழே விழும்போது அடி வாங்குவது மூலைகள்தான், அங்கே கூடுதல் தெர்மாகோல் வையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி அடைப்பது போதாது. வழியில் நசுங்கி இடம் விட்டுவிடும். ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றிரண்டு உள்ளே போடுங்கள். "கவனம், உடையும்" என்று ஸ்டிக்கர் ஒட்டுவது பார்சல் ஆபீசில் யாரையும் நிறுத்தாது, பேக்கிங்தான் காப்பாற்றும். ஆம்னி பஸ் பார்சலில் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பேன். காப்பீட்டோடு கூரியர், அல்லது ரயிலில் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பது. வாங்குகிறவர் மதுரையிலோ பெங்களூரிலோ இருந்தால், அவரையே வரச் சொல்லி ரயில் கட்டணத்தை விலையில் கழித்துக்கொடுப்பது இருவருக்கும் மலிவு.

வேறு பிளேயர் விற்க இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கைப் படிக்கும் பொறியமைப்பு எது, அதற்கு மாற்று கிடைக்குமா என்பதுதான் அங்கேயும் முதல் கேள்வி. சோனி கேஎஸ்எஸ்-213 மாதிரிப் பரவலாகப் பயன்பட்ட லேசர் உள்ள சிடி பிளேயருக்கு மாற்று கிடைக்கும், விளம்பரத்தில் அதைப் போடலாம். பிலிப்ஸ் சிடி-ப்ரோ2 பொறியமைப்பு வைத்த விலையுயர்ந்த பிளேயர்கள் பல உண்டு. அந்தப் பொறியமைப்பு இப்போது தயாரிப்பில் இல்லை. அப்படிப்பட்ட பெட்டியோடு உதிரியாக ஒரு பொறியமைப்பையும் வாங்கி வைத்திருந்தால் சேர்த்தே விற்காதீர்கள், தனி விலை போட்டுக் காட்டுங்கள். சோனி எஸ்சிடி-1 போல மேலிருந்து டிஸ்க் வைக்கும் பிளேயராக இருந்தால், டிஸ்க்கின் மேல் வைக்கும் அந்தச் சிறிய எடைக்கட்டியைத் தனியே சுற்றி அனுப்புங்கள். சில பிளேயர்களின் அடியில், கொண்டுபோகும்போது உள்பொறி ஆடாமல் பூட்டி வைக்கும் போக்குவரத்துத் திருகு உண்டு. அனுப்பும் முன் பூட்டி, "திறந்த பிறகே ஆன் செய்யவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி மூடி மேல் ஒட்டுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எஸ்ஏசிடி எத்தனை வைத்திருக்கிறீர்கள்? பிளேயரை விற்ற பிறகு அவற்றை எதில் கேட்கப் போகிறீர்கள்? ஹைபிரிட் டிஸ்க்குகள் எந்த சிடி பிளேயரிலும் சிடி தரத்தில் ஓடும், அவற்றை வைத்துக்கொள்ளலாம். எஸ்ஏசிடி அடுக்கு மட்டும் உள்ள டிஸ்க்குகள் உங்களிடம் இனி ஓடாது. அவற்றைப் பிளேயரோடு இலவசமாகத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். அச்சில் இல்லாத எஸ்ஏசிடி ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு. பட்டியல் போட்டு, பிளேயர் வாங்கியவரிடமே முதலில் காட்டுங்கள், இன்று அவற்றுக்கு அதிக விலை தரக்கூடியவர் அவர்தான்.